கல்யாணமும் இல்லாமல் சாவும் இல்லாமல் கராகோல் போனவள்

எங்கள் தையல் கூடத்தில் துணி வெட்டுபவள் புருல். ஒரு சுருளில் மற்றவள் எட்டு குளிர்கோட்டு எடுத்தால் இவள் ஒன்பது எடுப்பாள். மிச்சம் விழுகிற துண்டில் பொம்மைக்குக்கூடச் சட்டை தைக்க முடியாது. அப்படி ஒரு கணக்கான கை. முதலாளி அவளை ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவளுக்கும் சேர்த்து என்னைத்தான் சொல்வான்.

அந்தக் குளிர்காலத்தில் ஒருநாள் வெட்டு மேஜையின் ஓரத்தில் சாக்கட்டியால் ஏதோ வரைந்துகொண்டிருந்தாள். கோடுகள், கட்டங்கள், நடுநடுவே அழித்து எழுதிய எண்கள்.

"என்னடி இது, புது மாடலா?" என்றேன்.

"பயணம்."

"யாருக்குக் கல்யாணம்?"

"யாருக்கும் இல்ல ஷாயிர். கராகோல் போறேன். மலை உச்சிக்கு ஏறி, சறுக்கிக்கிட்டே கீழ வரப்போறேன். தனியா."

நான் மெஷினை நிறுத்திவிட்டேன். எங்கள் ஊர்ப் பெண் ஒருத்தி இந்தத் தலைநகர் பிஷ்கெக்கில் வெளியூர் வேன் ஏறுகிறாள் என்றால் ஒன்று கல்யாணம், இல்லை சாவு, இல்லை யாருக்கோ பிள்ளை பிறந்திருக்கிறது. நாற்பத்தாறு வயதில், ஒரு காரணமும் இல்லாமல், துணைக்கு ஒருவரும் இல்லாமல் வேன் ஏறியவளை நான் பார்த்ததில்லை.

அவள் புருஷன் தாலாய்க்குச் சொந்த ஊர் கராகோல், பெரிய ஏரியைத் தாண்டி மலையடிவாரத்தில் இருக்கிறது. அவனுடைய அக்கா துர்துகான் இன்னும் அங்கேதான் இருக்கிறாள். கல்யாணமானதிலிருந்து புருல் எத்தனையோ முறை அங்கே போயிருக்கிறாள். போன அன்றே அடுப்படிக்குள் நுழைவாள், திரும்பும் அன்றுதான் வெளியே வருவாள். மருமகள் என்றால் அப்படித்தான். மாவு பிசைய வேண்டும், டீ ஊற்ற வேண்டும், ஆட்டுக்குடலைக் கழுவ வேண்டும், கிண்ணங்களைக் கழுவ வேண்டும், அப்புறம் மறுபடியும் டீ. அந்த அடுப்படியில் தொட்டிக்கு மேலே ஒரு ஜன்னல். ஜன்னலில் மலை. மலையில் ஒரு வெள்ளைப் பட்டை. அதில் எறும்பு எறும்பாக ஆட்கள் சறுக்கி இறங்குவது தெரியும்.

"கை சோப்புத் தண்ணியில இருக்கும், கண்ணு அங்க இருக்கும்" என்றாள் என்னிடம். "அவங்க போட்டிருக்கிறது நாம தச்ச கோட்டாக்கூட இருக்கலாம். கோட்டு போகுது, நான் போகக்கூடாதா?"

இதை அவள் திடீரென்று சொல்லவில்லை. பழைய சாமான் சந்தையில் யாரோ தூக்கிப் போட்ட பனிச்சறுக்குக் கட்டைகள் ஒரு ஜோடி வாங்கி, இரண்டு குளிர்காலமாக ஞாயிறுதோறும் டவுன் பஸ் பிடித்து, ஊருக்கு வெளியே இருக்கிற சின்ன மேட்டில் விழுந்து விழுந்து பழகியிருந்தாள். திங்கட்கிழமை நொண்டிக்கொண்டு வருவாள். நாங்கள் சிரிப்போம். "வீட்டுக்காரன் அடிச்சானா?" என்று கேட்பேன். "மேடு அடிச்சது" என்பாள். சிரித்துக்கொண்டே சொன்னாலும் அடுத்த ஞாயிறு பஸ்ஸைத் தவறவிட மாட்டாள். எனக்குப் பனி என்ற பேச்சை எடுத்தாலே முழங்கால் வலிக்கும். அதனால் அவள்மேல் கொஞ்சம் எரிச்சலாகவும் இருந்தது, கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது.

திட்டத்தையும் துணி வெட்டுவதைப் போலத்தான் போட்டாள். தனிக் கார் கிடையாது, ஆள் நிரம்பினால் கிளம்புகிற வேன். விடுதியில் தனி அறை கிடையாது, எட்டுப் பேர் படுக்கிற அறையில் ஒரு கட்டில். மலைக்கு டாக்சி கிடையாது, அங்கே வேலை செய்பவர்களை ஏற்றிக்கொண்டு விடியற்காலையில் சந்தை முனையிலிருந்து ஒரு பஸ் போகிறது, இடமிருந்தால் மற்றவர்களையும் ஏற்றுவார்கள். போன் போட்டு விசாரித்து வைத்திருந்தாள். சாப்பாட்டுக்கு வேகவைத்த முட்டை, ரொட்டி, காய்ந்த தயிர் உருண்டை.

"பைத்தியமா உனக்கு? நாத்தனார் வீட்டுல சும்மா படுத்துக்கலாமே" என்றேன்.

அவள் என்னைப் பார்த்த பார்வையில் நானே புரிந்துகொண்டேன். சொந்தக்காரர் வீட்டுக் கட்டிலைப் போலச் செலவு வைக்கிற கட்டில் உலகத்தில் இல்லை. வெறுங்கையோடு போக முடியாது. போனால் ஆடு அறுபடும். ஆடு அறுபட்டால் தெருவே வரும். தெரு வந்தால் டீ யார் ஊற்றுவது?

"அக்காவுக்குத் தெரியவே கூடாது" என்று தாலாயிடமும் சொல்லிவிட்டாள். அவன் வெல்டிங் வேலைக்காரன், நல்ல மனுஷன். "நானும் வரட்டுமா?" என்று கேட்டிருக்கிறான். "நீ வந்தா அது கல்யாண வீடு ஆயிடும்" என்றாளாம். "சரி, அக்கா கேட்டா எனக்கு ஒண்ணும் தெரியாது. தெரிஞ்சா என் தோலை உரிச்சுத் தொங்க விட்டுடுவா" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டான்.

இனி நான் சொல்வதெல்லாம் புருல் சொன்னது. உப்புப் போட்டது மட்டும் நான்.

கட்டைகளைப் பழைய மெத்தை விரிப்பில் சுருட்டிக் கட்டி, விடிந்ததும் வேன் நிலையத்துக்குப் போனாள். பார்க்கிறவர்களுக்கு அது சுருட்டிய கம்பளம் மாதிரி இருந்தது. டிரைவர் அதற்கு ஒரு ஆள் கட்டணம் கேட்டான். "இறங்கும்போது பேசிக்கலாம் அண்ணே" என்று சொல்லி, சீட்டுகளுக்கு அடியில் தள்ளிவிட்டாள். ஆள் நிரம்பியது. வேன் கிளம்பியது. பக்கத்தில் ஒரு தடித்த அம்மாள், மடியில் இரண்டு கேக் பெட்டி.

"எங்கம்மா போற?"

"கராகோல்."

"எல்லாரும் அங்கதான் போறோம். என்ன விசேஷம்?"

"ஒண்ணுமில்ல."

"கம்பளம் கொண்டு போற. கல்யாணம்தானே?"

"இல்லம்மா."

"பிள்ளை பொறந்திருக்கா?"

"இல்ல."

"உடம்பு கிடம்பு யாருக்காவது?"

"அதெல்லாம் இல்லம்மா. சும்மா போறேன்."

அம்மாள் 'ச்சு' கொட்டிவிட்டு வாயை மூடிக்கொண்டாள். வேன் முழுக்க அமைதியானது. எங்கள் பக்கத்தில் சாவுச் செய்தியை முகத்துக்கு நேரே சொல்ல மாட்டார்கள். ஏதாவது சாக்குச் சொல்லி ஆளை வரவழைத்து, வீட்டில் பெரியவர்கள் சுற்றி உட்கார்ந்து, மெதுமெதுவாகத்தான் சொல்வார்கள். ஆகையால் ஒரு பெண் தனியாக, சும்மா போகிறேன் என்று சொல்லிக்கொண்டு போனால், அவளுக்கு இன்னும் சொல்லவில்லை, இல்லை அவளுக்குத் தெரிந்து மறைக்கிறாள். வேனில் இருந்த அத்தனை பேரும் இந்த முடிவுக்கு வந்தார்கள், புருலைத் தவிர.

ஏரி கண்ணில் பட்டதும் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. சந்தோஷத்தில்தான். இத்தனை வருஷமும் இந்த ஏரியைத் தாண்டிப் போனபோதெல்லாம் மடியில் யாருடைய பிள்ளையோ, காலடியில் யாருக்கோ சீர். இந்த முறை வெறும் மடி. அம்மாள் அதைப் பார்த்துவிட்டாள். ரெண்டு உள்ளங்கையையும் ஏந்தி ஏதோ முணுமுணுத்து முகத்தில் தடவிக்கொண்டாள். வேன் மொத்தமும் தடவிக்கொண்டது. வழிப்பயணத்துக்கு வேண்டிக்கொள்கிறார்கள் என்று நினைத்து, நம்ம ஆளும் பக்தியாகத் தடவிக்கொண்டாள்.

சாப்பிட நிறுத்திய இடத்தில் டிரைவர் பக்கத்தில் வந்து நின்றான். "எந்த வீட்டு மருமகம்மா நீ?"

வேறு எதில் வேண்டுமானாலும் பொய் சொல்லலாம், எந்த வீடு என்பதில் சொல்ல முடியாது. நாத்தனார் பேரை வாயால் சொல்வதும் மரியாதை இல்லை. "மசூதிக்குப் பின்னாடி, நீலக் கதவு வீடு" என்றாள்.

"தெரியும், தெரியும்." அவன் தலையை ஆட்டினான். "அந்தக் கம்பளத்துக்கு ஒண்ணும் தர வேணாம். இந்த நேரத்துல காசா முக்கியம்."

எவ்வளவு நல்ல மனுஷன் என்று நினைத்துக்கொண்டே அவள் முட்டையை உரித்தாள். அவனோ வண்டிக்குப் பின்னால் போய், ஊரில் யாரிடமோ நம்பர் வாங்கித் துர்துகானுக்குப் போன் போட்டான்.

"அக்கா, உங்க வீட்டு மருமக தனியா வந்துட்டிருக்கா. கேட்டா ஒண்ணும் சொல்ல மாட்டேங்கிறா. அழறா. நீங்க மனசைத் திடப்படுத்திக்கோங்க."

துர்துகான் உடனே தம்பியைக் கூப்பிட்டாள். தாலாய் முகமூடி மாட்டிக்கொண்டு உத்தரத்தின்மேல் வெல்டிங் வைத்துக்கொண்டிருந்தான். எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டாள். எடுக்கவில்லை. அவ்வளவுதான். தம்பி போய்விட்டான். தெருவுக்கு ஆள் போனது, ஆடு அறுபட்டது, பெண்கள் துக்கத்துக்குத் தலைத்துணி கட்டிக்கொண்டார்கள்.

கராகோலில் வேன் கதவு திறந்ததும் புருல் கண்டது நாத்தனாரைத்தான். பின்னால் தெருப் பெண்கள் அத்தனை பேரும். தான் வருவது எப்படித் தெரிந்தது என்று அவள் யோசிப்பதற்குள் துர்துகான் ஒப்பாரியை எடுத்துவிட்டாள்.

"என் மலையே... எனக்குப் பின்னாடி பொறந்த குதிரையே..."

ஐயோ, இந்த வீட்டில் யாரோ போய்விட்டார்கள் என்று புருலுக்குத் தோன்றியது. நாத்தனார் புருஷனா? பையனா? எங்களுக்குள் முதலில் கட்டிப்பிடித்து அழ வேண்டும், கேள்வியெல்லாம் அப்புறம். கட்டிக்கொண்டாள். அவளும் ஓவென்று அழுதாள். யார் செத்தார்கள் என்று இவள் அவளிடமிருந்து கேட்கக் காத்திருந்தாள், அவள் இவளிடமிருந்து. நிலையமே வேடிக்கை பார்த்தது. கேக் பெட்டி அம்மாள் வீட்டுக்குப் போகாமல் நின்று கூட அழுதாள்.

அப்போது துர்துகானின் போன் அடித்தது.

"அக்கா, இத்தனை தடவை கூப்பிட்டிருக்க! யாரு செத்தா?" என்றான் தாலாய்.

துர்துகான் போனைக் காதிலிருந்து எடுத்து, பேர் சரிதானா என்று பார்த்தாள். மறுபடி காதில் வைத்தாள். "நீ உயிரோடவா இருக்க?" என்றாள். அப்புறம் புருலின் தோளைப் பிடித்துத் தள்ளி நிறுத்தினாள்.

"யாருமே சாகலையா?"

"இல்லக்கா."

"அப்புறம் எதுக்குடி வந்த?"

புருல் சொன்னாள். விரிப்பை அவிழ்த்துக் கட்டைகளைக் காட்டவும் வேண்டியிருந்தது. யாரோ ஒருத்தி சிரித்துவிட்டாள். துர்துகான் சிரிக்கவில்லை. தம்பி இறந்துவிட்டான் என்று மதியம் முழுக்க நெஞ்சில் அடித்துக்கொண்டவள் அவள். அந்தப் பயமெல்லாம் கோபமாகத் திரும்பியது.

"கராகோலுக்கு வந்துட்டு என் வீட்டுக்கு வராம போகப் பார்த்த. அறுத்த ஆட்டை என்ன பண்றது? எழுப்பி ஓட்டி விடறதா?"

ஆடு கொப்பரையில், ஆட்கள் வாசலில். இதற்கு ஒரு விசேஷம் வேண்டுமே? துர்துகானின் பேத்தி மீரிம் நிற்கப் பழகிக்கொண்டிருந்தாள். குழந்தை நடக்கத் தொடங்கும்போது அதன் ரெண்டு காலையும் கறுப்பு வெள்ளைக் கம்பளிக் கயிற்றால் லேசாகக் கட்டி, வந்தவர்களை ஓடவிட்டு, முதலில் வருகிறவள் அந்தக் கயிற்றை அறுப்பது வழக்கம். அறுத்தவளின் நடை குழந்தைக்கு வரும் என்பார்கள். மறுநாளே அதை வைத்துவிடலாம் என்று அங்கேயே முடிவானது. புருல் நேராக அடுப்படிக்குப் போய்ச் சேர்ந்தாள்.

அந்திவேளையில் குடல் கழுவிக்கொண்டிருந்தபோது ஜன்னலில் அதே மலை, அதே பட்டை. இவ்வளவு தூரம் வந்தும் மறுபடி இந்தத் தொட்டிக்கு முன்னால்தானா என்று நினைத்தாள். முதலாளி கொடுத்த விடுமுறையில் நாளை ஒருநாள்தான் மிச்சம். அதற்கு மறுநாள் காலையில் திரும்பும் வேன் ஏறியாக வேண்டும். இப்போது விட்டால் அடுத்த வருஷம், அடுத்த வருஷம் என்றே போய்விடும் என்று அவளுக்குத் தெரிந்தது. கையைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள்.

"அக்கா, நாளைக்கு விடிஞ்சதும் நான் மேல போறேன். மதியத்துக்கு வந்துடுவேன். பாத்திரம் ஒண்ணு விடாம நானே கழுவறேன்."

துர்துகான் மாவு தேய்ப்பதை நிறுத்தினாள். "என்ன சொன்ன?"

"மலைக்குப் போறேன்னு சொன்னேன்."

"வீட்டுல விசேஷத்தை வச்சுக்கிட்டு அடுப்படியை விட்டுட்டு மலைக்குப் போன மருமக இந்தத் தெருவுலயே கிடையாது."

"இருக்காதுக்கா" என்றாள் புருல். "இருந்திருந்தா அவளோட சேர்ந்து போயிருப்பேன்."

அத்தனை வருஷத்தில் அவள் நாத்தனாருக்கு எதிராகப் பேசிய முதல் பேச்சு அது. துர்துகான் எழுந்தாள், கட்டைகளைத் தூக்கிக்கொண்டு போய்க் கரிக் கொட்டகையில் போட்டுப் பூட்டினாள், சாவியை மேலங்கிப் பையில் போட்டுக்கொண்டாள். வந்து மறுபடி மாவு தேய்த்தாள்.

நானாக இருந்தால் அன்றைக்கு அழுதே படுத்திருப்பேன். புருல் படுத்துக்கொண்டு கணக்குப் போட்டாள். விடுதிக் கட்டிலுக்கு வைத்த காசு செலவாகவில்லை. கம்பளத்துக்கு டிரைவர் வாங்கவில்லை. ரெண்டையும் சேர்த்தால் மேலே வாடகைக்குக் கட்டைகள் கிடைக்கும். நாத்தனார் பூட்டு போட்ட இடத்தில் நாத்தனார் வீட்டுக் கட்டிலே வழி காட்டியது. துணியில் மடிப்பு விழுந்தால் அவள் வேறு பக்கம் திருப்பிப் போட்டு வெட்டுவாள் அல்லவா, அதே கைதான் இது.

விடியும் முன் படுக்கையை மடித்து வைத்தாள். மாவைப் பிசைந்து மூடி வைத்தாள், டீக்குத் தண்ணீர் நிரப்பினாள், கதவைச் சாத்திக்கொண்டு சந்தை முனைக்கு நடந்தாள். பஸ்ஸில் சமையல்காரர்களும் பனி அள்ளுகிறவர்களும் இருந்தார்கள். "எந்தப் பிரிவுல வேலைம்மா?" என்று ஒருவர் கேட்டார். "இன்னைக்கு எனக்கு வேலை இல்ல" என்றாள். அந்த வார்த்தையை வாயால் சொன்னதே அவளுக்கு நன்றாக இருந்தது.

வாடகைக் கட்டைகள் அவளுடையதைவிட நல்லவை. கம்பியில் தொங்கும் நாற்காலியில் தனியாக உட்கார்ந்து மேலே போனாள். உச்சியில் இறங்கி, ஓரமாக நகர்ந்து, கீழே பார்த்தாள். பழகிய மேடு இந்தச் சரிவின் கால்விரலுக்குக்கூடக் காணாது. தூரத்தில் ஏரி. அதற்கு இந்தப் பக்கம் ஊர், கூரைகளின் புகை. நீலக் கதவைத் தேடினாள். அவ்வளவு தூரத்தில் எங்கே தெரியும். ஆனால் மசூதி எங்கே என்று தெரிந்தது, அதற்குப் பின்னால் அந்த ஜன்னல் எங்கே இருக்கும் என்றும் தெரிந்தது. இத்தனை வருஷமும் நான் பார்த்த எறும்பு இப்போ நான்தான் என்று நினைத்தாளாம். "பயமா இருந்துச்சு ஷாயிர். ஆனா திரும்பிப் பார்த்தா பிடிச்சுக்க ஒருத்தரும் இல்ல, போகாதேன்னு சொல்லவும் ஒருத்தரும் இல்ல. தள்ளிட்டேன்."

அழகாக ஒன்றும் வரவில்லை. பாதியில் விழுந்து தொப்பி ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம். எழுந்தாள். மறுபடி விழுந்தாள். கடைசி நீளச் சரிவில் விழவே இல்லை. கீழே வந்து நின்றதும் வாய்விட்டுச் சிரித்தாள், தனியாகச் சிரிக்கிறோமே என்று வெட்கப்படக்கூட இல்லை. டிக்கெட்டு முடியும்வரை ஏறினாள், இறங்கினாள், முட்டை தின்றாள், யாருக்கும் ஒரு கிண்ணம் டீ ஊற்றவில்லை.

சொன்னபடி மதியம் நீலக் கதவைத் திறந்தாள். முற்றம் முழுக்க ஆட்கள். பனியில் எரிந்து சிவந்த மூக்கோடு, நனைந்த கால்சட்டையோடு நேராகத் தொட்டிக்குப் போய்ச் சட்டைக்கையை மடித்தாள்.

"அதை அப்படியே வை" என்றாள் துர்துகான். "பெண்கள் எல்லாரும் ஓடணும். நீயும் வந்து நில்லு."

தெருக்கோடியிலிருந்து ஓடவிட்டார்கள். புருலின் தொடைகள் வெந்த மாவு நாடாவாக இருந்தன. கடைசியில் வந்தாள், அதுவும் நடந்துதான் வந்தாள். பக்கத்து வீட்டு இளம் மருமகள் முதலாவதாக வந்து, மூச்சிரைக்கக் கத்திக்காகக் கையை நீட்டினாள். குழந்தை நடு முற்றத்தில், கால் கட்டோடு, இரண்டு பேர் பிடியில் தள்ளாடிக்கொண்டு நின்றது.

துர்துகான் கத்தியைக் கொடுக்கவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டு புருலைப் பார்த்தாள்.

"உச்சிக்கே போனியா?"

"போனேன்க்கா."

"அங்கிருந்து என்ன தெரிஞ்சுது?"

"உங்க அடுப்படி ஜன்னல் இருக்கிற இடம்."

அந்த ஜன்னலுக்கு முன்னால் புருலைவிட இரண்டு மடங்கு வருஷம் நின்றவள் துர்துகான். பிறகு கத்தியின் பிடியைப் புருல் பக்கம் திருப்பி நீட்டினாள்.

"பக்கத்து வீட்டவதானே முதல்ல வந்தா அக்கா!" என்று தெருப் பெண் ஒருத்தி சத்தம் போட்டாள்.

"வந்தா. போன விசேஷத்துல ஜெயிச்சது நீ. அதுக்கு முன்னாடி ஜெயிச்சது நான்" என்றாள் துர்துகான். "ஓடி ஜெயிச்சவ எல்லாரும் இந்தத் தெருவுலதான் இருக்கோம். இந்தப் பிள்ளைக்கு இவ அறுக்கட்டும்."

புருல் குனிந்து கயிற்றை அறுத்தாள். பிடித்திருந்தவர்கள் கையை விட்டார்கள். குழந்தை மீரிம், பாட்டி பக்கமும் போகவில்லை, மிட்டாய் நீட்டியவர்கள் பக்கமும் போகவில்லை. திறந்து கிடந்த நீலக் கதவைப் பார்த்துத் தத்தித் தத்தி நடந்தது. பிடிக்க ஓடியவர்களைத் துர்துகான் கையை விரித்துத் தடுத்தாள்.

"விடுங்கடி. போகட்டும்."